பழைய பிக்கப்ல பெட்ரோல் முள்ளு பொய் சொல்லுதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, கனடாவுல எட்மன்டன் வந்து மூணு மாசம் ஆச்சு, செகண்ட்ஹேண்ட்ல 2004 மாடல் பிக்கப் ஒண்ணு வாங்கினேன், பெட்ரோல் முள்ளு ஒரு நாள் முக்கால் காட்டுது மறுநாள் ஈ-ல (E, அதாவது காலி) படுத்துக்குது, மெக்கானிக் டேங்க்கை இறக்கணும் 1,100 டாலர் ஆகும்ங்கறாரு, அடுத்த மாசம் ஃபோர்ட் மெக்முரேக்கு வேலைக்கு போகணும், அப்படியே ஓட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. ஓட்டலாமுங்க. ஆனா முள்ளை நம்பி ஓட்டாதீங்க, அந்த 1,100-ஐயும் இப்பவே எடுத்து நீட்டாதீங்க.

நான் இங்க வந்து 14 வருசம் ஆச்சு. மொத குளிர்காலத்துல என்கிட்ட ஒரு 95 மாடல் பிக்கப் இருந்துச்சு. நீங்க போகப்போற அதே ஹைவே 63, வாண்டரிங் ரிவர்ல பங்க் இருந்துச்சு, முள்ளு பாதிக்கு கொஞ்சம் கீழ நின்னுச்சு, போதும்னு தாண்டிட்டேன். அதுக்கப்புறம் மெக்முரே வரைக்கும் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் காடுதான். பாதி வழியில வண்டி ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நின்னு போச்சு, வெளிய மைனஸ் 28, இன்ஜின் செத்து கிடக்குது, முள்ளு மட்டும் கால் டேங்க்ல ஜம்முனு நிக்குது. ஹீட்டர் நின்ன கொஞ்ச நேரத்துலயே நான் விட்ட மூச்சு கண்ணாடிக்கு உள்பக்கம் பனியா படிய ஆரம்பிச்சுது. ஒரு லாரிக்கார புண்ணியவான் நிறுத்தி ஏத்திக்கலைன்னா இன்னிக்கு உங்களுக்கு பதில் எழுத நான் இல்ல. இதுல பெரிய கூத்து என்னன்னா எங்கப்பா நாமக்கல்ல லாரி ஓட்டினவரு, டேங்க்ல குச்சி விட்டு ஈரம் எது வரைக்கும் இருக்குன்னு பாக்காம சாவியே போட மாட்டாரு, அவர் பையன் நான் முள்ளை நம்பி காட்டுல நின்னேன். (அந்த குச்சி வேலை இந்த வண்டிகள்ல நடக்காதுங்க, பெட்ரோல் ஊத்தற குழாய் வளைஞ்சு போகும், உள்ள வால்வு வேற இருக்கும், குச்சி மாட்டிக்கும்.)

அதனால ரிப்பேர் பண்ற வரைக்கும் ட்ரிப் மீட்டர்தான் (ஜீரோ பண்ணினதுல இருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சுன்னு காட்டறது) உங்க முள்ளு. ஃபுல் டேங்க் அடிங்க, ட்ரிப்பை ஜீரோ பண்ணுங்க. பழைய வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) குளிர்காலத்துல 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் கூட குடிக்கும், காலைல சூடு பண்ண ஐடில்ல விடறது தனி கணக்கு, 98 லிட்டர் டேங்க்னா கணக்குப்படி 540 கிலோமீட்டர் கிட்ட வரும், நீங்க 300-ல நிரப்பிடுங்க. கிளம்பற அன்னிக்கு வாண்டரிங் ரிவர்ல முள்ளு ஃபுல்லே காட்டினாலும் நிறுத்தி நிரப்பிட்டுதான் போகணும். டேங்க் அடிமட்டத்துக்கு போக விடாதீங்க, பெட்ரோல்ல முங்கி இருக்கறதாலதான் உள்ள இருக்கற பம்ப் சூடாகாம இருக்குது, அதுவும் போச்சுன்னா செலவு இரட்டிப்பு. ஏ.எம்.ஏ (ஆல்பர்ட்டா மோட்டார் அசோசியேஷன்) மெம்பர்ஷிப் எடுத்துக்கங்க, வழியில நின்னா பெட்ரோல் கொண்டு வந்து ஊத்துவாங்க.

சரி, முள்ளு ஏன் பொய் சொல்லுது. டேங்க்குக்குள்ள ஒரு கம்பி, அது நுனியில ஒரு ஃப்ளோட், நம்ம ஊர் மேல்நிலை தொட்டியில பந்து மிதக்குமே அது மாதிரி. கம்பி ஏறி இறங்கும்போது மறுமுனையில ஒரு சின்ன தகடு ரெசிஸ்டன்ஸ் பட்டை மேல உரசிக்கிட்டே போகும், அந்த ஓம்ஸ் (ரெசிஸ்டன்ஸ் அளவு) கணக்கை வெச்சுத்தான் முள்ளு நகருது. இதுக்கு பேரு சென்டர் யூனிட் (sender, அளவை அனுப்பறது, நடுங்கற center இல்ல). 20 வருசம் உரசினா பட்டை தேயும், பெட்ரோல்ல இருக்கற கந்தகம் காண்டாக்ட்ல கருப்பா படியும், ஒரு நாள் முக்கால் மறுநாள் ஈ-ங்கறது பெரும்பாலும் இதுதான். ஆனா பெரும்பாலும்னுதான் சொல்றேன், ஏன்னா என் வண்டியில அது இல்ல. ஒரு கடையில சென்டர், பம்ப் எல்லாம் சேர்ந்த செட்டையே மாத்தி 900 டாலர் வாங்கிட்டாங்க, ரெண்டே வாரத்துல முள்ளு பழையபடி ஆடுச்சு. கடைசியில நானே கோடையில வண்டிக்கு அடியில படுத்து பாத்தா, சென்டரோட எர்த் ஒயர் சேஸிஸ்ல போல்ட் பண்ணின இடம் பச்சையா பூத்துப்போய் கிடக்குது, தொட்டதும் கையோட வந்துடுச்சு. இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடறாங்க இல்லீங்களா, அது பண்ற வேலை. துரு புடிச்சா ஓம்ஸ் கூடும், அந்த வண்டியில ஓம்ஸ் கூடினா முள்ளு மேல ஏறும், அதான் காலி டேங்க்குக்கு கால் காட்டியிருக்குது. உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, புது லக் (ஒயர் நுனியில மாட்டற வளையம்) ஒண்ணு வெச்சு முறுக்கினேன், மூணு டாலர்கூட ஆகல. 900-ஐ நினைச்சு ரெண்டு நாள் சோறு இறங்கல.

உங்களது 2004ங்கறதால ஒரு வசதி இருக்கு. 30 டாலருக்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கும், ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்கற ஓபிடி சாக்கெட்ல (வண்டி கம்ப்யூட்டரை படிக்கற சாக்கெட்) சொருகி போன்ல ஃப்யூயல் லெவல் எத்தனை பர்சன்ட்னு பாருங்க, நிறைய வண்டியில காட்டும். போன்ல சரியா காட்டி முள்ளு மட்டும் தப்புன்னா டேங்க்கை யாரும் தொட வேண்டாம், மீட்டர் போர்டுல முள்ளைத் திருப்பற குட்டி மோட்டார் போயிருக்கும், அப்போ ஸ்பீடு முள்ளு, டெம்பரேச்சர் முள்ளுகூட கோணல் காட்ட வாய்ப்பு உண்டு. போன்லயும் குதிச்சா சென்டரோ ஒயரோதான். எரர் கோடு (code) எதாவது விழுந்திருக்கான்னும் பாருங்க, பி0461-ன்னா கிலோமீட்டர் ஓடியும் லெவல் மாறவே இல்லைன்னு அர்த்தம், பி0462 சிக்னல் ரொம்ப குறைவு, பி0463 ரொம்ப அதிகம்.

அப்புறம் மல்டிமீட்டர். டேங்க் பக்கத்துல வர்ற கனெக்டரை கழட்டி சென்டர் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல ஓம்ஸ் வெச்சு பாருங்க. வண்டி என்ன கம்பெனின்னு நீங்க சொல்லல, 2004 ஜி.எம்-னா காலிக்கு 40, ஃபுல்லுக்கு 250 ஓம்ஸ் பக்கம் வரணும், ஃபோர்டுல 1987-ல இருந்து வந்த பிக்கப்ல காலிக்கு 16, ஃபுல்லுக்கு 158 கிட்ட. 1986 வரைக்கும் வந்த ஃபோர்டு தலைகீழ், காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10, யாராவது பழைய வண்டிக்காரர் கணக்கை கேட்டு குழம்பிடாதீங்க. மீட்டரை பாத்துக்கிட்டே பின் பம்பரை ரெண்டு ஆட்டு ஆட்டுங்க, உள்ள பெட்ரோல் அலம்பும்போது நம்பர் நிதானமா ஏறி இறங்கினா சென்டர் நல்லா இருக்கு, திடீர்னு விட்டுப்போச்சுன்னா பட்டை தேஞ்சிருக்கு. மொதல்ல எர்த் போல்ட்டை சுத்தம் பண்ணிட்டு இதை பாருங்க, இல்லாட்டி நல்ல சென்டரையும் கெட்டதுன்னு நினைச்சுக்குவீங்க. டெக்ரான் மாதிரி கிளீனர் ஒரு பாட்டில் ஃபுல் டேங்க்ல ஊத்தி ஓட்டி பாக்கலாம், கந்தகக் கறை மட்டும்தான் பிரச்சினைன்னா சில சமயம் சரியாகும், தேஞ்சுபோன பட்டையை எந்த பாட்டிலும் வளர்க்காது.

சென்டர்தான்னு உறுதியாச்சுன்னா டேங்க்கை இறக்கறதை விட பின்னாடி இருக்கற பெட்டியை தூக்கறது சுலபம். ஆறு இல்ல எட்டு போல்ட், டெயில் லைட் ஒயர், பெட்ரோல் ஊத்தற குழாய், அவ்வளவுதான் பிடிச்சிருக்கும், நாலு பேரு தூக்கினா வந்துடும். போல்ட் துரு புடிச்சிருக்கும், முந்தின நாளே டபிள்யூடி-40 அடிச்சு ஊற விடுங்க. டேங்க்ல பெட்ரோல் கால்வாசிக்கு கீழ இருக்கறப்ப செய்யணும், பேட்டரி நெகட்டிவை கழட்டணும், ஹீட்டர் எரியற கராஜுக்குள்ள மட்டும் சத்தியமா செய்யாதீங்க, டேங்க் மேல சென்டரை பிடிச்சிருக்கற லாக் ரிங்கை தட்ட மரக்கட்டையோ பித்தளையோ போதும், இரும்பு உளி பொறி விடும். சில மாடலுக்கு சென்டர் மட்டும் தனியா விக்கறாங்க, பம்ப் நல்லா இருந்தா அது போதும்.

இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னா மெக்கானிக்கிட்டயே போங்க, தப்பில்ல, ஆனா ஓம்ஸ் எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டுட்டு சரின்னு சொல்லுங்க. நம்பர் சொல்ல முடியாதவருகிட்ட டேங்க்கை இறக்க விடாதீங்க.

வண்டி கம்பெனி, எந்த இன்ஜின்னு எழுதுங்க, எர்த் எங்க வரும்னு தேடி சொல்றேன். சனிக்கிழமை எட்மன்டன்லயே மில்வுட்ஸ் பக்கம் வந்தீங்கன்னா மல்டிமீட்டர் என்கிட்டயே இருக்கு, கீழ படுக்க பழைய கார்பெட் ஒண்ணும் இருக்கு. காபி மட்டும் உங்க செலவு.