ட்ரம்ஸைக் கேளுங்கள், வருஷம் தெரியும்: நிர்வாணா டெமோக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வாணாவின் டெமோக்கள், அவுட்டேக்குகள் பற்றியும் பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

டெமோ, அவுட்டேக், ரிகர்சல் டேப் என்று பல பெயர் சொல்கிறார்கள். வெளிவராத பாட்டு என்றால் எல்லாம் ஒன்றுதானே?
– வாசகர், கோவை

ஒன்று அல்ல. பாட்டு இப்படி வரப்போகிறது என்று தயாரிப்பாளருக்கோ கம்பெனிக்கோ காட்டுவதற்காகப் பதிவது டெமோ. ஆல்பத்துக்கென்றே முறையாகப் பதிந்து, கடைசிப் பட்டியலில் இடம் கிடைக்காமல் போனது அவுட்டேக். ஒத்திகை அறையில் ஓடிக்கொண்டிருந்த டேப்பில் விழுந்தது ரிகர்சல். கேட்கும்போது எதிர்பார்க்க வேண்டியதும் இதற்கேற்ப மாறும். டெமோவில் பாட்டின் வரிகள் பாதியில் நிற்கலாம். அவுட்டேக்கில் பாட்டு முழுசாக இருக்கும், மிக்ஸிங் மட்டும் முடியாமல் இருக்கலாம்.

ஆனால் ஒரே டேப் வகை மாறுவதும் உண்டு. 1990 ஏப்ரலில் விஸ்கான்ஸின் மாநிலத்தின் மேடிசன் நகரில், ஸ்மார்ட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் புட்ச் விக் பதிவு செய்த எட்டுப் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சப் பாப் இசைத்தட்டு நிறுவனத்துக்கான இரண்டாவது ஆல்பம் என்றுதான் அதை ஆரம்பித்தார்கள். அந்த ஆல்பம் வரவில்லை. அதே டேப்பின் பிரதிகள் பெரிய கம்பெனிகளுக்குக் கைமாறி, டெமோ ஆகிவிட்டன. அதிலிருந்த 'பாலி' மட்டும் மறுபடி பதியப்படாமல் அப்படியே 1991-இல் 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்குள் போனது. ஆல்பத்தின் மற்ற பாட்டுகளில் டேவ் க்ரோல் ட்ரம்ஸ் அடிக்க, 'பாலி'யில் மட்டும் ஆங்காங்கே கேட்கிற சிம்பல் (உலோகத் தட்டு) அடி அவருக்கு முன்பிருந்த சாட் சானிங் கையால் விழுந்தது. ஆல்பத்தில் அதற்கு அவர் பெயர் போடவில்லை. அதனால்தான் இதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஸ்மார்ட் பதிவில் இன்னொன்றும் நடந்தது. 'இன் ப்ளூம்' பாட்டில் முதலில் நடுவே தனியாக ஒரு பகுதி இருந்தது. அது பொருந்தவில்லை என்று தோன்றியதும், விக் 16 ட்ராக் மாஸ்டர் டேப்பிலிருந்தே அந்த நீளத்தை ப்ளேடால் வெட்டியெடுத்து எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் ஒட்டினார். பிரதி எடுத்துவைத்து வெட்டவில்லை, மூலத்தையே வெட்டினார். எனவே யாராவது அந்த ஸ்டூடியோ துண்டு தன்னிடம் இருப்பதாகச் சொன்னால், எந்த மூலத்திலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

'1988 டெமோ' என்ற பெயரில் ஒரு தொகுப்பு கிடைத்தது. உண்மையாகவே 1988-தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருச்சி

பாடகர் கர்ட் கோபேனின் குரலை வைத்துத் தேதி சொல்ல முயலாதீர்கள், குழம்பிவிடும். ட்ரம்ஸைக் கேளுங்கள். இந்தக் குழுவில் கிட்டாரில் கோபேனும் பேஸில் க்ரிஸ்ட் நோவோசெலிக்கும் கடைசிவரை இருந்தார்கள். ட்ரம்ஸ்தான் மாறிக்கொண்டே இருந்தது.

1988 ஜனவரி 23-இல் சியாட்டில் ரெசிப்ரோக்கல் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில், ஜாக் எண்டினோ பதிவில் வாசித்தது மெல்வின்ஸ் குழுவின் டேல் க்ரோவர். கனமான, பின்னால் சாய்ந்த அடி. அதே வருஷத்தின் நடுவிலிருந்து 1990 வரை சாட் சானிங். அடி இலகு, நடுநடுவே நிரப்பும் சின்னச் சின்ன உருட்டல்கள் அதிகம். 1990 ஜூலையில் 'ஸ்லிவர்' சிங்கிளுக்கு மட்டும் டேன் பீட்டர்ஸ். அந்த செப்டம்பரிலிருந்து டேவ் க்ரோல். ஸ்னேர் (ட்ரம்ஸில் 'சட்' என்று விழும் முக்கிய அடி) நெஞ்சில் இடிக்கிற மாதிரி விழுந்தால் அது 1988 அல்ல.

ஜனவரி 23 பதிவுக்கு இன்னும் நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு. பத்துப் பாட்டையும் ஒரே மதியத்தில் பதிந்தார்கள், மொத்தச் செலவு 152 டாலர் 44 சென்ட். கடைசிப் பாட்டான 'பென் கேப் ச்யூ' ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் தீர்ந்துவிட்டது. இன்னொரு சுருள் வாங்கப் பணம் செலவழிக்க மனமில்லாததால், எண்டினோ அந்தப் பாட்டை மெல்ல மங்கச் செய்து முடித்தார். ஆகவே அந்தத் தொகுப்பில் 'பென் கேப் ச்யூ' மங்கி மறையாமல் முழுசாக ஓடினால், அது வேறு பதிவு, அல்லது மேடைப் பதிவு. டேப் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள்: 2,500 அடிச் சுருளை நொடிக்கு 15 அங்குலம் வேகத்தில் ஓட்டினால் 33 நிமிடம்தான் வரும். கையில் காசில்லாத குழுக்கள் ஒரு பாட்டுக்கு ஒரே டேக்கோடு நகர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

'ஸாப்பி', 'வெர்ஸ் கோரஸ் வெர்ஸ்' இரண்டும் ஒரே பாட்டா, வேறு வேறா? என்னிடம் உள்ள ஃபைல்களில் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் ஃபைல்கள் இரண்டும் சரியாக இருக்க வாய்ப்புண்டு. பெயர்தான் இரண்டு பாட்டுக்குப் போயிருக்கிறது.

'ஸாப்பி'யை இந்தக் குழு நான்கு முறை ஸ்டூடியோவில் முயன்றது: 1990 ஜனவரியில் எண்டினோவிடம், ஏப்ரலில் ஸ்மார்ட்டில், 1991-இல் நெவர்மைண்ட் பதிவின்போது சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில், 1993 பிப்ரவரியில் மின்னசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் ஸ்டீவ் ஆல்பினியிடம். கடைசிப் பதிவு 1993-இல் 'நோ ஆல்டர்னேட்டிவ்' என்ற தொகுப்பின் இறுதியில், அட்டையில் பெயரில்லாமல் வந்தது. பெயரில்லாததால் ரசிகர்கள் அதை 'வெர்ஸ் கோரஸ் வெர்ஸ்' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அந்தப் பெயரில் நெவர்மைண்ட் அவுட்டேக் ஒன்று தனியாகவே உண்டு. அது 2004-இல் 'வித் த லைட்ஸ் அவுட்' பெட்டித் தொகுப்பில் வெளிவந்தது.

இதேபோல ஃபைல் பெயர்களில் அடிக்கடி இடறும் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 'இம்மோடியம்' என்பது 'ப்ரீட்' பாட்டின் பழைய பெயர். 'பே டு ப்ளே' என்பது 'ஸ்டே அவே'யின் பழைய வடிவம். பழைய பெயரைத் திருத்தி எழுத வேண்டாம். பதிந்த காலத்தில் இருந்த பெயரோடு வைத்து, அடைப்பில் இன்றைய பெயரைச் சேருங்கள். 'ஓல்ட் ஏஜ்' வேறு கதை. அது நெவர்மைண்ட் காலத்தில் ஒதுக்கிய பாட்டு. பிறகு கோபேனின் மனைவி கோர்ட்னி லவ்வின் ஹோல் குழு அதைத் தங்கள் வழியில் பதிந்தது. பெண் குரல் கேட்டால் அந்த ஃபைல் ஹோல் பக்கம் போக வேண்டியது.

சில டெமோக்களில் சுருதி ஏறிக் கேட்கிறது. கோபேனின் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருக்கிறது. சரிசெய்யலாமா?
– வாசகர், சேலம்

செய்யலாம், ஆனால் கிட்டாரோடு ஒப்பிட்டுச் செய்யாதீர்கள். இந்தக் குழு வழக்கமான சுருதியில் மட்டும் வாசித்ததில்லை. பல பாட்டுகளில் கம்பிகளை அரைச் சுரமோ முழுச் சுரமோ இறக்கி வாசித்தார்கள். 'சரியான' சுருதி என்று நீங்கள் நினைத்து இழுத்தால், சரியாக இருந்த பதிவையும் கெடுத்துவிடுவீர்கள்.

நம்பத்தக்க அளவுகோல் கரண்ட் இரைச்சல். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே ஆம்ப்ளிஃபயர் முனகிய முனகல் டேப்பில் கூடவே பதிந்திருக்கும். பாட்டு தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் உள்ள அமைதியைச் சில நொடிகள் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டி மென்பொருளில் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' போட்டு, அளவை 65536 என்று வையுங்கள். முனகல் 61.5 ஹெர்ட்ஸில் நின்றால் டேப் 2.5 சதவீதம் வேகம். 60-ஐ 61.5-ஆல் வகுத்தால் 0.976, அதுதான் வேகத்தை மாற்றும் எஃபெக்டில் பெருக்கியாகக் கொடுக்க வேண்டிய எண். டெம்போவை மட்டும் மாற்றும் எஃபெக்டைத் தொடாதீர்கள், அது சுருதியைத் திருத்தாது. அரைச் சுரம் முழுவதும் ஏறியிருந்தால் முனகல் 63.6 பக்கம் இருக்கும். 120 பக்கத்தில் அதன் இரட்டிப்பையும் பாருங்கள். அங்கே பிழை இரண்டு மடங்காகத் தெரிவதால் துல்லியம் கூடும்.

தவறு நடக்கும் இடம் இது: கச்சிதமாக 50 ஹெர்ட்ஸில் ஒரு கோடு தெரிந்தால் அது நம் ஊர் கரண்ட், கேசட்டை மாற்றும்போது நம் டெக்கில் சேர்ந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் பிசகும். பேட்டரியில் ஓடிய டேப் ரெக்கார்டரில் பதிந்ததில் இந்த முனகலே இருக்காது. அப்போது அதே பாட்டின் அதிகாரபூர்வப் பதிப்பு இருந்தால் அதோடு ஒப்பிடுவதே வழி.

என்னிடம் 90 நிமிட கேசட் ஒன்று இருக்கிறது, நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. கம்ப்யூட்டருக்கு மாற்றும் சரியான முறை என்ன?
– வாசகர், சென்னை

முதல் வேலை, கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சின்ன ப்ளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுவது. கை தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது.

அடுத்து, டேப் ஓடும் முன்பக்கத் திறப்பைப் பாருங்கள். நடுவே மெல்லிய உலோகத் தகட்டில் நகக்கண் அளவு கம்பளித் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். டேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். ஒலி மங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். பலர் டேப்பே போய்விட்டது என்று தூக்கிப் போடுவது இந்தக் கோளாறால். ஐந்து திருகாணி போட்ட வேறொரு நல்ல கேசட்டைத் திறந்து, சுருள்களை அதற்குள் மாற்றினால் சரியாகிவிடும். பிறகு முழுவதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றுங்கள். சுருள் சமமாக இறுகும்.

டெக்கின் ஹெட்டை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அது வேண்டாம். லேசான சோப்புத் தண்ணீர் போதும். ஆல்கஹால் ரப்பரைக் காயவைக்கும்.

இனி முக்கியமான கட்டம், ஹெட்டின் சாய்வு. ரெக்கார்ட் செய்த டெக்கின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் சிம்பல் எல்லாம் போர்வைக்குள் கேட்கும். ஒலியை மோனோ ஆக்குங்கள். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னத் திருகாணியின் நிலையை முதலில் மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு, காந்தம் ஏறாத ஸ்க்ரூட்ரைவரால் இம்மி இம்மியாகத் திருப்புங்கள். சிம்பலின் கூர்மை உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். பொதுவாகக் கால் சுற்றுக்குள் கிடைத்துவிடும். கேசட்டைத் திருப்பிப் போட்டதும் மறுபடி பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

இரைச்சல் குறைக்கும் டால்பி வசதியை அணைத்துவிட்டே பதியுங்கள். டால்பி போட்டுப் பதிந்ததா என்று தெரியாத டேப்பில் அதைப் போட்டால் உயர் ஒலி மடியும். அப்படி மடிந்ததைத் திரும்பப் பெறுவது கடினம். பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு பக்கம் 45 நிமிடம், ஏறத்தாழ ஒன்றரை ஜிபி வரும். பக்கத்தை நடுவே நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்து, அந்த மூலக் கோப்பை ஃப்ளாக்காக (FLAC, ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் கோப்பு வகை) சேமித்து, அதன்மேல் கை வைக்காதீர்கள். வேகத் திருத்தம், பாட்டுப் பிரிப்பு எல்லாம் அதன் பிரதியில்.

இரைச்சல் நீக்கும் வடிகட்டியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. டேப் இரைச்சலோடு சிம்பலின் வாலும் அறையின் எதிரொலியும் போய்விடும். கேட்பவர் தன் வீட்டில் நீக்கிக்கொள்ளலாம். நீங்கள் நீக்கிவிட்டால் யாராலும் திரும்பச் சேர்க்க முடியாது.

ஃப்ளாக் ஃபைல் என்று வாங்கினேன். எம்பி3-யிலிருந்து மாற்றியதாக இருக்குமோ?
– வாசகர், கோலாலம்பூர்

ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் திறந்து 16 கிலோஹெர்ட்ஸைப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடும் அதற்குமேல் கறுப்பும் இருந்தால், 128 கிலோபிட் எம்பி3-யாக இருந்தது ஃப்ளாக் சட்டை போட்டு வந்திருக்கிறது. கேசட்டிலும் உயர் ஒலி குறைவுதான். ஆனால் அங்கே ஒலி படிப்படியாகச் சரியும், டேப் இரைச்சல் மேலேயும் மூட்டமாகத் தொடரும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தாற்போல மூன்று நான்கு தலைமுறை கடந்த பிரதியில் இரைச்சல் தடிக்கும், அதுவும் வெட்டுப்பட்டதாகத் தெரியாது.

எல்லாச் சுருக்கமும் மோசடி அல்ல. ரேடியோஹெட் குழு 2019 ஜூனில் தங்கள் 'ஓகே கம்ப்யூட்டர்' காலத்து மினிடிஸ்க்குகளை, ஏறத்தாழ 18 மணி நேரம், 18 பவுண்டுக்குத் தாங்களே வெளியிட்டார்கள். மினிடிஸ்க் பதியும்போதே சிடியின் ஐந்தில் ஒரு பங்காக ஒலியைச் சுருக்கிவிடும். அங்கே சுருங்கியதுதான் மூலம்.

'யூ நோ யூ ஆர் ரைட்' எட்டு வருஷம் ஏன் வெளிவரவில்லை?
– வாசகர், மதுரை

1994 ஜனவரி 30-இல் சியாட்டிலை ஒட்டிய ராபர்ட் லாங் ஸ்டூடியோவில் அதைப் பதிந்தார்கள். குழுவின் கடைசி ஸ்டூடியோ பதிவு அது. கோபேன் ஏப்ரலில் இறந்தார். பின்னர், பதிவுகளை யார் நிர்வகிப்பது என்று கோர்ட்னி லவ்வுக்கும் க்ரோல், நோவோசெலிக் இருவருக்கும் இடையே வழக்கு வந்து, அது 2002-இல் சமரசமானது. அந்த அக்டோபரில் பாட்டு வெளிவந்தது. அதற்கு முன் பரவிய பிரதிகளில் 1993 அக்டோபர் சிகாகோ மேடைப் பதிவும் உண்டு; கூட்டச் சத்தத்தால் உடனே பிரித்துவிடலாம்.

அதிகாரபூர்வமாக வாங்க வேண்டுமானால் எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

நெவர்மைண்டின் 2011 பதிப்பிலிருந்து. ஸ்மார்ட் பதிவு எட்டும் அதில் இருக்கின்றன. ஒத்திகையில் பூம்பாக்ஸில், அதாவது நம் ஊர் டூ-இன்-ஒன்னில், பதிந்து விக்குக்கு அனுப்பிய வகை டெமோக்களும் இருக்கின்றன. ட்ரம்ஸ் விழும் ஒவ்வொரு முறையும் ஒலி முழுதும் கரகரவென்று நசுங்கி அமுங்கும்; உள் மைக்கின் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு செய்கிற வேலை அது, உங்கள் ஸ்பீக்கர் பழுதல்ல. அடுத்தது 2004 பெட்டி, மூன்று சிடியும் ஒரு டிவிடியும். பிறகு 'இன் யூட்டரோ'வின் 2013 பதிப்பு. அதில் 1992 அக்டோபரில் பதிந்த, பெரும்பாலும் குரலில்லாத டெமோக்கள் உள்ளன. பதிந்தவர் அதே எண்டினோ. கட்டடமும் பழைய ரெசிப்ரோக்கல் இருந்த அதே கட்டடம், பெயர் மட்டும் மாறியிருந்தது. 1988 பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டு, ஸ்னேரை மட்டும் கேளுங்கள்.