கூட்டணி ஆட்சி அமையும் நாள்களில் கோரிக்கை மனுவை யாருக்கு, எப்போது அனுப்புவது?

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் ஊரைச் சேர்ந்த சிறு தேயிலை விவசாயிகள் ஒன்றுகூடி, பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டு மனு எழுதினோம். 2024 ஜூன் 5 அன்று, அதாவது வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாளே, மத்திய வேளாண் அமைச்சருக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்காதபோது புதிய அரசு எந்த நாளில் தொடங்குவதாகக் கொள்வது? எங்கள் எம்.பி. ஆளும் அணியில் இல்லாவிட்டால் மனுவால் பயன் உண்டா? கூட்டணி முறிந்தால் மனுவும் போய்விடுமா?

பதில்: நீங்கள் மனுவை அஞ்சலில் சேர்த்த அந்த நாளில்தான் பிரதமர் தம் அமைச்சரவையின் ராஜினாமாவைக் குடியரசுத் தலைவரிடம் அளித்தார். அமைச்சர்கள் தொடர்ந்து பொறுப்பில் இருந்தார்கள் என்றாலும், அது காபந்து அரசு. அன்றாட நிர்வாகத்தைத் தாண்டி, விலைக் கொள்கை போன்ற பெரிய முடிவுகளை அத்தகைய அரசு எடுப்பது மரபன்று. மக்களவையின் 543 இடங்களில் பெரும்பான்மைக்கு 272 தேவைப்பட, பாரதிய ஜனதா 240 இடங்களில் நின்றுவிட்டது. தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உள்ளிட்ட தோழமைக் கட்சிகளின் இடங்களைச் சேர்த்தே தேசிய ஜனநாயகக் கூட்டணி 293-ஐ எட்டியது. ஜூன் 7 அன்று கூட்டணி எம்.பி.க்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், 9 அன்று பதவியேற்பு நடந்தது, 10 அன்று இலாகாக்கள் ஒதுக்கப்பட்டன. மனு அனுப்புவோருக்கு முக்கியமானது இந்தக் கடைசி நாளே. கூட்டணி ஆட்சியில் எந்தத் துறை எந்தக் கட்சிக்கு என்ற பேச்சுவார்த்தை கடைசி வரை நீளக்கூடும் என்பதால், இலாகா அறிவிப்புக்கு முன் அனுப்பும் மனு யார் மேசைக்குப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது.

சில தேர்தல்களில் இந்த இடைவெளி இன்னும் குழப்பமானது. யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் வரையறுக்கவில்லை. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றும், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்றும் மட்டுமே 75-ஆவது பிரிவு கூறுகிறது. 1989-இல் 197 இடங்களுடன் தனிப்பெருங்கட்சியாக வந்த காங்கிரஸ் ஆட்சியமைக்க முன்வராததால் வி.பி. சிங் அழைக்கப்பட்டார். 1996-இல் 161 இடங்கள் பெற்ற பாரதிய ஜனதாவைத் தனிப்பெருங்கட்சி என்ற அடிப்படையில் அப்போதைய குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா அழைத்தார். மே 16-இல் பதவியேற்ற வாஜ்பாய், போதிய ஆதரவு திரளாததால் 13 நாள்களில் விலக, ஜூன் 1-இல் தேவகவுடா பிரதமரானார். அந்த மே மாதத்தில் இலாகா அறிவிப்பைப் பார்த்தே மனு அனுப்பியிருந்தாலும், அமைச்சர் அதைப் படிக்கும் முன்பே பதவி இழந்திருப்பார். 1998-இல் குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர். நாராயணன் தோழமைக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டுப் பெற்ற பிறகே வாஜ்பாயை அழைத்தார், அ.தி.மு.க.வின் கடிதம் தாமதமானதால் தில்லி காத்திருந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். சில நாள்கள் கூடுதலாகக் காத்திருந்தாலும் எண்ணிக்கையை எழுத்தில் உறுதி செய்துகொள்ளும் இந்த வழியே நாட்டுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மனு பதிலின்றிப் போனதற்கு நாளைவிட முகவரியே பெரிய காரணமாக இருந்திருக்கலாம். தேயிலை வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. 1953-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டப்படி அமைந்த தேயிலை வாரியம் வர்த்தக, தொழில் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஆகவே மனு வர்த்தக அமைச்சருக்குப் போக வேண்டும்; அதன் நகல் ஒன்றைக் குன்னூரிலுள்ள வாரிய அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலை தர வேண்டிய பாக்கி பற்றியும் அதே மனுவில் எழுதியிருந்தால் அதைத் தனி மனுவாக்கிச் சென்னைக்கு அனுப்புங்கள், ஏனெனில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் மாநில அரசின் பொறுப்பு.

எம்.பி. எந்த அணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மனுவின் தகுதி மாறாது. நீலகிரியே இதற்குச் சான்று. 2024-இல் இங்கு தி.மு.க.வின் ஆ. இராசா வென்றார், தோற்ற எல். முருகன், மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வாகியிருந்ததால், ஜூன் 9 அன்று இணை அமைச்சராகப் பொறுப்பேற்றார். தொகுதியின் குரலாக அவையில் ஒருவர், அரசுக்குள் இம்மண்ணை அறிந்த ஒருவர் என இரு கதவுகள் இருக்கும்போது இரண்டையும் தட்டுவதில் தவறில்லை. எதிர்க்கட்சி எம்.பி. கேட்கும் கேள்விக்கும் அமைச்சர் அவையில் பதில் அளித்தாக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் பதிவாகிவிடும். என் அனுபவத்தில், அமைச்சரின் உதவியாளர் அனுப்பும் ‘பெறப்பட்டது’ என்ற கடிதத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

கூட்டணி முறிவதைப் பற்றிய அச்சம் நியாயமானது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் வீழ்ந்து, அக்டோபர் வரை காபந்து அரசாகவே நீடித்தது. ஆனால் அமைச்சகத்தில் பதிவான கோப்பு அமைச்சரோடு வெளியேறாது. அடுத்து வருபவரிடம் பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டினால் போதும். மக்களவையின் மனுக்கள் குழுவிடம் அளித்த மனு மட்டும் அவை கலைந்தால் காலாவதியாகும். அதைப் புதிய அவையில் மீண்டும் அளிக்க வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. மக்களவையில் கேள்வி கேட்க எம்.பி. குறைந்தது 15 நாள்கள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜூலையில் தொடங்குகிறது. கொழுந்து வரத்து மிகுந்து விலை இறங்கும் வாரங்களில் தொழிற்சாலை தரும் ரசீதுகளையும், தேயிலை வாரியம் அந்தந்த மாதத்துக்கு அறிவித்த சராசரி விலையையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, ஜூன் மாதம் முடிவதற்குள் எம்.பி. அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.