மன்ரோவியாவின் விமான நிலையம் ஊரைவிட்டு ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது?

"வேலைக்காக லைபீரியா போகிறேன். ராபர்ட்ஸ் பன்னாட்டு விமான நிலையம் தலைநகர் மன்ரோவியாவிலிருந்து 56 கிலோமீட்டர் தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே இன்னொரு ஓடுபாதை வரைபடத்தில் தெரிகிறதே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். மன்ரோவியாவில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தச் சாலையில் நானும் நிறையவே போய்வந்திருக்கிறேன்.

அந்த விமான நிலையம் மன்ரோவியாவுக்காகக் கட்டப்பட்டதே இல்லை. இதுதான் சுருக்கமான பதில். அமெரிக்க ராணுவம் தன் போர்த்தேவைக்காக 1942இல் கட்டியது. பக்கத்தில் ரப்பர் தோட்டம் இருப்பதும் தற்செயல் அல்ல. தோட்டம் அங்கே இருந்ததால்தான் விமானத்தளமும் அங்கே வந்தது. லைபீரிய அரசு ஒரு நிபுணர் குழு போட்டு, தன் தலைநகருக்கு எது வசதி என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த இடமல்ல அது. அடுத்தவர்கள் தங்கள் வசதிக்குக் கட்டிவிட்டுப் போனதை நாடு தன்னுடையதாக்கிக்கொண்டது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. அதைத் தூக்கி நிறுத்த, 1922இல் பிரிட்டன் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்து ஏற்றுமதியாகும் ரப்பருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உலக ரப்பரில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்தது அமெரிக்காவின் கார் தொழில். டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனுக்கு இது பொறுக்கவில்லை. பிரிட்டிஷ்காரன் கை நீளாத இடத்தில் சொந்தத் தோட்டம் வேண்டும் என்று தேடினார். கிடைத்தது லைபீரியா. ஆப்பிரிக்காவில் அப்போது ஐரோப்பியர் ஆட்சிக்கு வெளியே இருந்த மிகச் சில நாடுகளில் ஒன்று, அதுவும் கடனில் தத்தளித்த நாடு. 1926இல் ஒப்பந்தம் முடிந்தது: பத்து லட்சம் ஏக்கர் வரை, 99 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட். கூடவே ஃபயர்ஸ்டோனின் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக அரசுக்கு 50 லட்சம் டாலர் கடன். நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து, நிலம் கொடுத்தவனைக் கடன்காரனாகவும் ஆக்கிவிட்டால் அப்புறம் பேரம் பேச யார் இருக்கிறார்கள்?

தோட்டத்தின் தலைமையிடம் ஃபார்மிங்டன் ஆற்றங்கரையில் எழுந்தது. ஹார்வி, அவர் மனைவி ஐடபெல் இருவர் பெயரையும் சேர்த்து அந்த ஊருக்கு ஹார்பெல் என்று பெயர் வைத்தார்கள். விமான நிலையம் இன்று இருப்பது இந்த ஹார்பெல் பக்கத்தில்தான்.

இனி போருக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலாயாவும், அடுத்த சில வாரங்களில் டச்சு இந்தியத் தீவுகளும் (இன்றைய இந்தோனேசியா) போயின. அதோடு நேச நாடுகளின் ரப்பரில் மிகப் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டது நமக்குத் தெரிந்த கதை. அதே தோட்டங்கள் கைமாறியதுதான் உலகின் இன்னொரு மூலையில் ஹார்பெலைப் பொன்னாக்கியது. நேச நாடுகளிடம் மிஞ்சிய இயற்கை ரப்பருக்கு இலங்கையும் லைபீரியாவும்தான் முக்கிய ஆதாரம். சிங்கப்பூர் விழுந்து ஆறு வாரம் கழிந்தது. மார்ச் 31ஆம் தேதி, லைபீரியாவில் விமானத்தளம் கட்டவும் படையை நிறுத்தவும் அமெரிக்காவுக்கு உரிமை கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. லைபீரியா அப்போது நடுநிலை நாடு. ஜெர்மனி மீதும் ஜப்பான் மீதும் அது போர் அறிவித்தது 1944 ஜனவரியில்தான்!

ரப்பர் மட்டும் காரணமல்ல. வரைபடத்தை விரித்து, பிரேசிலின் கிழக்கு மூக்கில் இருக்கும் நட்டால் நகரத்தைப் பாருங்கள். அட்லாண்டிக் கடல் மிகவும் ஒடுங்கும் இடம் அது. அங்கிருந்து லைபீரியக் கடற்கரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வட அட்லாண்டிக்கின் பனியும் புயலும் இல்லாத வழி. மயாமியிலிருந்து கரீபியன் தீவுகள், பிரேசில், கடலைத் தாண்டி மேற்கு ஆப்பிரிக்கா, பிறகு கண்டத்தின் குறுக்கே கார்ட்டூம், கெய்ரோ, அங்கிருந்து கராச்சி, அசாம் என்று போர் விமானங்களும் சரக்கும் போன நெடும்பாதையின் ஒரு படிக்கட்டு ராபர்ட்ஸ்ஃபீல்ட். இந்த விமான நிலையத்தை உள்ளூரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள், அல்லது 'ஆர்.ஐ.ஏ.' என்பார்கள். அதற்கு முன்பே பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் கடல் விமானங்கள் வடமேற்கே ராபர்ட்ஸ்போர்ட் பக்கத்து ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தன. ஆனால் குண்டுவீச்சு விமானத்தை ஏரியில் இறக்க முடியாதே. கெட்டியான தரை வேண்டும், சாலை, இயந்திரம், கூலியாட்கள் வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் தயாராக இருந்தது ஹார்பெலில். மன்ரோவியாவில் அப்போது ஆழ்கடல் துறைமுகம்கூட இல்லை. அதையும் அமெரிக்கப் பணத்தில் கட்டி 1948இல்தான் திறந்தார்கள்.

பெயர் மட்டும் உள்ளூர்ப் பெயர்: நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜோசப் ஜென்கின்ஸ் ராபர்ட்ஸ். அவரும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்து 1829இல் கப்பலேறி வந்தவர்தான்.

1943 ஜனவரியில் நேச நாடுகளின் காசாபிளாங்கா மாநாடு முடிந்து திரும்பும் வழியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இங்கே இறங்கினார். லைபீரியத் தலைவர் எட்வின் பார்க்ளேயோடு மதிய உணவு, அங்கிருந்த அமெரிக்கக் கறுப்பினப் படைப்பிரிவின் அணிவகுப்பு, ரப்பர் தோட்டத்தில் ஒரு சுற்று, அவ்வளவுதான். ஒரு நாட்டின் தலைவர் தன் விருந்தாளியைத் தலைநகருக்கு அழைத்துப் போகவில்லை. தானே விமானத்தளத்துக்கு வந்து, அமெரிக்க முகாமில் அமெரிக்கர் பரிமாறிய சாப்பாட்டைச் சாப்பிட்டார். எனக்கு இந்த நிகழ்ச்சி எப்போதுமே கொஞ்சம் உறுத்தும். அதே ஆண்டு பார்க்ளே வாஷிங்டன் போய் வெள்ளை மாளிகையில் விருந்தினராகத் தங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பினத்தவர் பேருந்தில் பின்னால் உட்கார வேண்டியிருந்த காலத்தில் அது சிறிய விஷயம் இல்லை.

போர் முடிந்தது, படை போனது, பான் ஆம் போகவில்லை. 1985 வரை ராபர்ட்ஸ்ஃபீல்டை நிர்வகித்தது அந்த நிறுவனம்தான். நியூயார்க்கிலிருந்து டக்கார் வழியாக வரும் விமானம் இங்கே இறங்கி, அக்ரா, லாகோஸ் என்று தெற்கே போகும். ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் போனதுண்டு. எங்கள் அலுவலகத்தின் வயதான ஓட்டுநர், அந்தக் காலத்தில் பான் ஆம் வரும் நாளில் வேடிக்கை பார்க்கவே ஊரிலிருந்து ஆட்கள் வண்டி பிடித்துப் போவார்கள் என்பார். இன்றைய ஓடுபாதையின் நீளம் சுமார் 3,350 மீட்டர். சென்னையின் பிரதான ஓடுபாதையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சென்னையில் ஒரு நாளில் வந்துபோகும் விமானங்கள் அங்கே வந்துபோக எத்தனை வாரம் ஆகும் என்று நான் யோசித்ததுண்டு. அந்த நீளம் பயணிகளுக்கானது இல்லை என்பது பார்த்ததுமே விளங்கும். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ விமானங்கள் குறுகிய அறிவிப்பில் வந்திறங்க உரிமை இருந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஒலிபரப்பு நிலையம், கப்பல்களுக்கு வழிகாட்டிய ஒமேகா கோபுரம் என்று மற்றவையும் லைபீரியாவில்தான் இருந்தன. அந்தக் கோபுரம் 417 மீட்டர். 2011இல் தகர்க்கும்வரை ஆப்பிரிக்காவிலேயே உயரமான கட்டுமானம் அதுதான்.

ஊருக்குள் தெரிகிறது என்றீர்களே, அது சிங்கோர் பகுதியில் இருக்கும் ஸ்பிரிக்ஸ் பெய்ன் விமான நிலையம். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். சுற்றிலும் வீடுகள், கடல் பக்கத்தில், நீட்ட இடமில்லை. பெரிய விமானங்களுக்கு உதவாது. உள்நாட்டுப் போரின்போது மட்டும் அதற்கு யோகம் அடித்தது. 1989 டிசம்பரில் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் படை எல்லை தாண்டி வந்தது, அடுத்த ஆண்டே ராபர்ட்ஸ்ஃபீல்ட் அவர்கள் கையில் விழுந்து முனையக் கட்டடம் சிதைந்தது. தலைநகரம் ஒருவர் கையில், விமான நிலையம் இன்னொருவர் கையில். 56 கிலோமீட்டர் தூரத்துக்கு நாடு கொடுத்த விலை அது. ஊரைக் காக்க வந்த மேற்கு ஆப்பிரிக்க அமைதிப்படைக்கும் உதவி அமைப்புகளுக்கும் ஸ்பிரிக்ஸ் பெய்ன்தான் கதி.

ராபர்ட்ஸ்ஃபீல்டின் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது டெய்லரின் இரண்டு பயணங்களை. 2003 ஆகஸ்ட் 11ஆம் தேதி, மன்ரோவியா முற்றுகையில் தவித்துக்கொண்டிருக்க, அதற்குள் குடியரசுத் தலைவராகியிருந்த அவர் பதவியை விட்டு இறங்கி இதே ஓடுபாதையிலிருந்து நைஜீரியாவுக்கு விமானம் ஏறினார். வழியனுப்ப ஆப்பிரிக்கத் தலைவர்கள் வந்திருந்தார்கள். அடைக்கலம், மாளிகை, பாதுகாப்பு, எல்லாம் பேசி முடித்த பயணம். 2006 மார்ச் மாத இறுதியில் அந்த மாளிகையிலிருந்து காணாமல் போனார். கேமரூன் எல்லையில் பிடித்து, 29ஆம் தேதி நைஜீரிய அரசு விமானத்தில் ஏற்றி ராபர்ட்ஸ்ஃபீல்டுக்கே கொண்டுவந்தார்கள். சொந்த நாட்டு மண்ணில் அவர் நின்றது ஓடுதளத்தில் மட்டும்தான். ஐ.நா. படை அங்கேயே கைது செய்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, சியரா லியோனில் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விட்டது. ஊருக்குள் அழைத்துப் போயிருந்தால் என்ன கலவரம் மூண்டிருக்குமோ. விமான நிலையம் தொலைவில் இருந்தது அன்று ஒரு நாளாவது நல்லதாகப் போயிற்று. 2012இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை.

போர் நின்ற பிறகு ஐ.நா. அமைதிப்படை 15 ஆண்டுக்கு அருகில் அங்கே இருந்தது, 2018 மார்ச்சில்தான் போனது. அதில் 2007 முதல் 2016 வரை இந்தியாவின் மத்திய ரிசர்வ் காவல் படைப் பெண்கள் பிரிவு பணியாற்றியது. ஐ.நா. பணிக்குச் சென்ற முதல் முழுப் பெண் காவல் பிரிவு. நான் இந்தியன் என்று சொன்னதும் கடைக்காரர்கள் முதலில் கேட்பது அவர்களைப் பற்றித்தான், கிரிக்கெட் அங்கே யாருக்கும் தெரியாது.

எபோலா சமயம் வேறு கதை. 2014 ஜூலையில் இங்கிருந்து புறப்பட்ட ஒரு பயணி நோயோடு லாகோஸில் இறங்கியதும் உலகமே பயந்துபோனது. ஒவ்வொரு விமான நிறுவனமாக வருவதை நிறுத்தியது. பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸும் ராயல் ஏர் மரோக்கும் மட்டும் வந்துகொண்டிருந்தன. லைபீரியாவில் இறந்தவர்கள் 4,800க்கும் மேல். அந்த இரண்டு நிறுவனங்களும் வராமல் போயிருந்தால் மருத்துவர்களும் மருந்தும் எப்படி வந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பிறகு அமெரிக்கப் படை சிகிச்சை மையங்கள் கட்ட வந்தபோது, அவர்களின் பெரிய சரக்கு விமானங்கள் இறங்கியதும் இங்கேதான். அவர்கள் தாத்தாக்கள் போட்ட தளத்துக்கு அப்போது ஒரு உருப்படியான வேலை கிடைத்தது.

இன்றைய புதிய முனையம் சீனக் கடனில் கட்டி 2019 ஜூலையில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வேயா திறந்துவைத்தது. அமெரிக்கர் போட்ட தளத்தில் சீனர் கட்டடம். கண்ணாடி முகப்பு, நடைபாலம் எல்லாம் உண்டு. அதற்கு முன் இருந்த முனையத்தில் வரிசை எது, கூட்டம் எது என்று பிரிக்கவே முடியாது. என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட ஊருக்குப் போகும் சாலைக்கும் நம்பகமான மின்சாரத்துக்கும் முதலில் செலவழித்திருக்கலாம். ஆனால் சாலையின் முன்னால் யாரும் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவதில்லை போலும்.

சரி, நீங்கள் போகப் போவதால் இரண்டு விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கையிலேயே வைத்திருங்கள், இறங்கியதும் கேட்பார்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டால் அவஸ்தை. அலுவலகத்திலிருந்து வண்டி வருவதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை மழை என்றால் அப்படியொரு மழை, உலகத் தலைநகரங்களில் அதிக மழை பெய்வதில் மன்ரோவியாவுக்கு முன்வரிசை இடம். இரவில் இறங்கும் விமானத்தைவிட மாலைக்குள் இறங்குவது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதை எடுங்கள். ஹார்பெல் பக்கம் வரும்போது ஒரு புளித்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். கட்டியாக்கிய ரப்பர் பாலின் வாசனை அது, கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்களுக்கு உடனே பிடிபடும்.