பாட்டிக்கு ரிப்போர்ட் படித்துச் சொல்லும் பிள்ளைக்கு என்ன படிப்பு?

அன்புள்ள அண்ணனுக்கு,

குலசேகரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகளுக்கு இரண்டாவது முறையும் நீட்டில் இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை எழுத மனமில்லை. "மருத்துவத்தை மக்களுக்குப் புரியும்படி சொல்லும் வேலைக்குப் போகிறேன்" என்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா, அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. சோறும் போடும். ஆனால் அவள் பார்த்து வைத்திருக்கும் ஆறு மாத ஆன்லைன் சான்றிதழை நம்பிப் போனால் போடாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பாட்டி கதைதான். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1. "ஒன்று சரி என்றால் மற்றது பொய், லேப்காரன் மாற்றி எழுதிவிட்டான்" என்று பாட்டி கோபித்தாராம். அதற்குப் பிள்ளை, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் கொட்டகையைக் காட்டிச் சொன்ன பதில்: "புகைப்புரையில் தொங்கும் ரப்பர் ஷீட்டைப் பார், பாட்டி. இன்று அடுப்பில் தீ இல்லாவிட்டாலும், இதுவரை எவ்வளவு புகை பட்டது என்று ஷீட்டின் நிறம் சொல்லிவிடும்."

நான் நாகர்கோவிலில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பொருத்தமான விளக்கத்தை அதிகம் கேட்டதில்லை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்த ஒட்டலைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. அளவு 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு என்று கொள்கிறார்கள். முந்தைய நாள் இரவு மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் காலை அளவு நல்லதாக வரலாம். ஒட்டியது போகாது.

ஆனால் ஒன்று கேளுங்கள். ஷீட்டில் ஏறிய நிறம் இறங்காது. பாட்டியின் அளவு இறங்கும், பழைய அணுக்கள் போய்ப் புதியவை பிறப்பதால். உவமை எங்கே முடிகிறது என்பதையும் பிள்ளை சொன்னாளா? சொல்லாமல் விட்டிருந்தால், "கறுத்தது கறுத்ததுதானே, இனி மாத்திரை எதற்கு" என்று பாட்டி நிறுத்திவிடக்கூடும். இரத்தசோகை இருந்தால் இந்த அளவே தப்பாகக் காட்டலாம் என்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உவமை சொல்ல நல்ல நாக்கு போதும். அது முடியும் இடம் தெரிய, உடம்பைப் பற்றிய படிப்பு வேண்டும். நர்சிங் அல்லது பார்மசி முதலில், விளக்கும் கலை பிறகு என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். என் மகன் சிறியவனாக இருந்தபோது வயிற்றுப்போக்கு. ஒரு மருத்துவமனையில் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பாக்கெட்டுகளைக் கொடுத்து, "கலக்கிக் கொடுங்கள்" என்றார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய பெரிய பாக்கெட்டை நான் ஒரு டம்ளரில் கலக்கிவிட்டேன். இரண்டு பட்டம் வாங்கியவள் நான். அளவு பாக்கெட்டில் எறும்பு எழுத்தில் இருந்தது. உப்பு அவ்வளவு செறிவாகப் போனால் குழந்தையின் நிலை மோசமாகும். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா பார்த்துத் தடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு தண்ணீர் என்று சொன்னார்கள், திருப்பிச் சொல்லுங்கள்." சொன்னவருக்குத் திருப்தியாக இருந்தால் போதாது, கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் போக விரும்பும் வேலையில் பாதி அதுதான்.

மீதிப் பாதி சொல் தேடுவது. புது மருந்துகளை மனிதர்களிடம் ஆய்வு செய்யும்போது, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும் என்பது சட்டம். 2019ஆம் ஆண்டு விதிகளிலும் அது இருக்கிறது. அதைத் தமிழாக்க ஆள் தேவை. தமிழாக்கியதை இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, பொருள் மாறவில்லையே என்று பார்ப்பதும் வழக்கம். பிளாசிபோ என்பதைப் 'போலி மருந்து' என்று எழுதினால் நம் ஊரில் கள்ள மருந்து என்றுதான் படிப்பார்கள். 'மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது' என்று நீட்டித்தான் எழுத வேண்டும். மருந்து ஆய்வைப் 'பரிசோதனை' என்று எழுதினால், இரத்தம் எடுப்பது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். 'நெகட்டிவ்' என்று வந்ததும் அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். நோய் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு வாய்ப்பு கூடுதல். பெரிய வியாதி என்றால் நாம் திருவனந்தபுரத்துக்கு ஓடுகிறோம். அங்கே விளக்கம் மலையாளத்தில், டிஸ்சார்ஜ் தாள் ஆங்கிலத்தில், வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர்களுக்குத் தெரிந்தது தமிழ். மூன்றும் அறிந்தவர்கள் குறைவு. குலசேகரத்துப் பிள்ளைக்கு மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்திருக்கும். அதை எழுதவும் கற்றுக்கொள்ளட்டும்.

இந்த வேலையில் இனிப்பாகப் பேசினால் மட்டும் போதாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம், அதனால் இயல்பாகவே கதிர்வீச்சு கூடுதல். "இதனால்தான் எங்களுக்குப் புற்றுநோயா?" என்று ஒரு மீனவப் பெண் கேட்டால் உங்கள் மகள் என்ன சொல்வாள்? இதே போன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. 'கூடியதாகத் தெரியவில்லை' என்பது ஒன்று, 'ஆபத்தே இல்லை' என்பது வேறு. மணல் அள்ளுவதை ஆதரிப்பவர் இதை ஒரு பக்கம் இழுப்பார், எதிர்ப்பவர் மறுபக்கம் இழுப்பார். நடுவில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைக் கோணாமல் சொல்ல முதுகெலும்பு வேண்டும். பிள்ளைக்கு அது இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இனி படிப்பு. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, பி.பார்ம். நான்கு ஆண்டு, பார்ம்.டி. ஆறு ஆண்டு. தமிழ்நாட்டில் நர்சிங்குக்கும் பி.பார்முக்கும் அரசு கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான்; நீட் இங்கே குறுக்கே வராது. என் விருப்பம் நர்சிங். நோயாளியின் கட்டிலருகே நின்று பேசிப் பழகும் வாய்ப்பு அதில்தான் அதிகம். அதன்பின் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்திலும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்திலும் இருக்கிறது. மருத்துவர்களுக்கு மட்டுமான படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

சம்பளத்தையும் மறைக்கவில்லை. தேசிய சுகாதார இயக்கத்தில் வரும் ஆலோசகர் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். தொடக்கம் சிறியது. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், மருந்து ஆய்வு நிறுவனத்தில் எழுத்தாளர் என்று போகும்போது உயரும். எது கைவிட்டாலும் நர்சிங் பதிவு கையில் இருக்கும். வெளிநாட்டுக்குப் போகும் வழியும் அதில் திறந்திருக்கிறது. நம் மாவட்டத்தாருக்கு அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சான்றிதழுக்குக் கேட்ட 40,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம். கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும் நர்சிங், பி.பார்ம். இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். வருகிற சனிக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு வாருங்கள். பாட்டியும் வரட்டும். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று அவரிடம்தான் கேட்கப் போகிறேன்.