திருநங்கை, குயர் என்பதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா?

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. (பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வழக்கமான பெட்டிகளுக்குள் அடங்காதவர்களுக்கு இன்றைய பொதுப்பெயர்தான் குயர்.) வெள்ளைக்காரன் கொண்டுவந்தது ஒரே பாலினத்தாரின் பாலுறவைத் தடைசெய்யும் சட்டத்தைத்தான். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் எழுதியது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய அதன் 365அ பிரிவை 1995இல் திருத்தியபோதும் நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் பாருங்கள். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே 'ஆண்மை திரிந்த' பெயர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களும் உயர்திணைதான், ஆனால் ஆண்பால் சொல் அவர்களுக்குப் பொருந்தாது என்று விதி செய்கிறது. ஒருவரை எப்படிக் குறிப்பிடுவது என்ற இன்றைய சண்டை இலக்கணக்காரருக்கு அப்போதே வந்திருக்கிறது! சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினொரு ஆடல்களில் பேடியாடலும், அதாவது ஆண்மை திரிந்த பேடியின் கோலத்தில் ஆடும் ஆடலும், ஒன்று. அதற்காக அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை.

ஆணாய்ப் பிறந்து பெண் வழியில் வாழ்பவர்களுக்குத் தனிப்பெயர் வெளியேயும் உண்டு: பசிபிக் தீவான சமோவாவில் ஃபாஃபாஃபினே, மெக்சிக்கோவின் சபோடெக் மக்களிடம் முஷே. இவர்களை அப்படியே 'திருநங்கை' என்று மொழிபெயர்த்தால் பிழையாகிவிடும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குடும்பப் பங்கு, தனி வழக்கம். 1990களில் உருவான குயர் கோட்பாடு கேட்பதும் இதைத்தான்: ஆண், பெண் என்ற பெட்டிகளை யார், எப்போது செய்தார்கள்?

போன வருடம் நல்லூரில், ஒரு ரூபா அர்ச்சனைச் சீட்டோடு சேலையில் நின்ற ஒருவரை இரண்டு பெடியள் பார்த்துச் சிரித்தார்கள். முன்னால் நின்ற அம்மா திரும்பி, "பிள்ளை, நீ முன்னுக்கு வா" என்றார். அவர் கோட்பாடு எதுவும் படித்திருக்கமாட்டார்.