குளிரில் சைக்கிள்: அன்றாட உடை போதுமா?

கேள்வி: குளிர்காலத்தில் சைக்கிளில் அலுவலகம் செல்கிறேன். புறப்படும்போது நடுங்குகிறேன், போய்ச் சேரும்போது சட்டை வியர்வையில் நனைந்துவிடுகிறது. இதற்கெனத் தனி உடை வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மிதிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் உடல் தானாகவே சூடேறிவிடும் என்பதால், வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிர்வதுதான் சரியான அளவு. பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும்; அதற்குப் பதிலாக மெல்லிய கம்பளிப் பனியன், மேலே வழக்கமான சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட் என அணிந்தால், சூடேறும்போது ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டாலே போதும். விரல்களும் காதுகளும்தான் முதலில் விறைக்கும்; அவற்றை மூடிக்கொள்ளுங்கள். ஆனால், பிரேக் பிடிக்க முடியாத அளவுக்குத் தடித்த கையுறை வேண்டாம். பேண்ட்டின் வலக்கால் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். சங்கிலி எண்ணெய்க்கு அலுவலக மரியாதையெல்லாம் தெரியாது.