போன்சாய் ஆல மரத்தின் இலைகள் மஞ்சளாகி உதிர்வது ஏன்?

கேள்வி: ஆழமற்ற தட்டுத்தொட்டியில் 4 ஆண்டுகளாக ஆல மரம் ஒன்றைப் போன்சாயாக வளர்த்து வருகிறேன். தோட்ட மண்ணும் தொழு உரமும் கலந்து நட்டேன். இதுவரை தொட்டி மாற்றவில்லை. நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. உரத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், இப்போது இடுவதையும் நிறுத்திவிடுங்கள். தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், மரத்துக்குக் குறைவது சத்து அன்று, வேருக்கு வேண்டிய காற்று.

ஆழம் குறைந்த தட்டில் நீர் எளிதில் வடிந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்து நின்ற பின், அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு மண் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த உயரத்தை முடிவுசெய்வது மண் துகளின் பருமனே தவிர, தொட்டியின் ஆழம் அன்று. அதனால் பெரிய தொட்டியில் அடிப்பகுதியோடு நிற்கும் சேறு, 5 செ.மீ. தட்டில் ஏறத்தாழ மேல்மட்டம் வரை வந்துவிடுகிறது. துகள் நுண்ணியதாக இருக்க இருக்க அந்த உயரம் கூடும்; நுண்துகள் மிகுந்த தோட்ட மண் போன்சாய்க்கு ஆகாது என்பது இதனால்தான்.

முதலில் கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பிறகு மரத்தை மண்ணோடு வெளியே எடுங்கள். 4 ஆண்டில் வேர்கள் தட்டின் வடிவிலேயே பாய்போலப் பின்னியிருக்கும். விரலால் இழுத்தால் தோல் உரிந்து வரும் கறுத்த வேர்கள் அழுகியவை; அவற்றை முழுவதும் நீக்குங்கள். அழுகல் இல்லையெனில், மரக்குச்சியால் சிக்கெடுத்து, வெளிப்புற வேர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். கீழ்நோக்கிச் செல்லும் தடித்த வேர்களைக் குறைத்து, பக்கவாட்டில் பரவும் சல்லி வேர்களைக் காப்பாற்றுங்கள். மரம் குட்டையாக இருப்பது சிறிய தொட்டியால் மட்டுமே என்பது தவறான எண்ணம். கிளையையும் வேரையும் அளவாக வெட்டிவிடும் கவாத்தே முக்கியமாக அதைக் குறுக்கி வைக்கிறது.

ஆலுக்கு இவ்வேலையை வெப்பமான, துளிர்க்கும் பருவத்தில் செய்வது நல்லது. அழுகல் முற்றியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். செங்கல் துண்டு, பருமணல் ஆகியவற்றைச் சலித்து, தூளை அகற்றி, 2 முதல் 6 மி.மீ. பருமனுள்ளதை எடுத்து, சிறிதளவு மக்கிய உரம் சேருங்கள். வடிதுளை வழியே கம்பி நுழைத்து மரத்தைத் தட்டோடு கட்டிவிடுங்கள், ஏனெனில் மரம் ஆடினால் புது வேர் அறுந்துவிடும்.

மூன்று வாரம் நிழலில் வையுங்கள். நீருக்கு இனி வேளைக் கணக்கு வேண்டாம்; மூங்கில் குச்சியை மண்ணில் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்து, அதில் ஈரம் மங்கியிருந்தால் மட்டும் துளை வழியே வழியும் வரை ஊற்றுங்கள். புதுத் தளிர் இலையாக விரிந்து முற்றிய பிறகு, பாதி அளவில் உரத்தைத் தொடங்கலாம்.